பச்சை விளக்கு அணையவில்லை

அத்தியாயம் 7

'நேத்தும் லைனைக் கட் பண்ணீங்க. முந்தாநாளும் கட் பண்ணீங்க. இன்னிக்கும் கட் ஆச்சுன்னா, நாளைக்கு ஆள் வர மாட்டாரு. பாடிதான் வரும்.'

கம்ப்யூட்டர் திரையில் இன்று காலையில் வந்து விழுந்த வரி அது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான். சந்திரகலா படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"போன்ல பேசினா போலீஸ் மோப்பம் பிடிக்கும்னு கம்ப்யூட்டர்ல வர்றான். விவரமான ஆளு. ஆனா ஸ்பெல்லிங்தான் மேடம் கொஞ்சம் பேஜாரு" என்றான் குப்புராஜ்.

"குப்பு, வாயை மூடிக்கிட்டு வயரைப் பாரு."

குப்புராஜ் மேஜைக்கு அடியில் தவழ்ந்தான். அவன் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரும் டெஸ்டரும் துருத்திக்கொண்டிருந்தன. சந்திரகலாவின் கழுத்தில் ஏதோ ஒரு அடையாள அட்டை தொங்கியது. கும்மிடிப்பூண்டியில் அந்தத் தெருவைப் பொறுத்தவரை இருவரும் பிராட்பேண்ட் ரிப்பேருக்கு வந்தவர்கள். நிஜத்தில் அவள் சப்-இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டு வேப்பம்பட்டில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். அவன் அவளுடைய ஆம்னி வேனை ஓட்டுகிறவன். உதவியாளன் என்றும் சொல்லிக்கொள்வான்.

இந்த வீட்டுக்காரர் ஹனீப். பழவேற்காட்டிலிருந்து வந்து, சிப்காட்டில் இறால் பேக்கிங் கம்பெனி வைத்துப் பெரிய ஆளானவர். முந்தாநாள், நோன்புக்கான சஹர் உணவைச் சாப்பிட்டுவிட்டு விடியுமுன் கம்பெனிக்குக் கிளம்பியவரின் கார், கதவு திறந்தபடி ரயில்வே கேட் பக்கத்தில் நின்றது. அவரைக் காணோம். அன்றைக்கே கம்பெனியை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். அன்று ராத்திரி, ஆண்கள் எல்லாம் தராவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில், இந்தக் கம்ப்யூட்டரில் வீடியோ அழைப்பு வந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் கண்ணைக் கட்டி உட்கார வைக்கப்பட்ட ஹனீப். அவர் நாலு வார்த்தை பேசுவார். கடத்தியவன் பேச மாட்டான், டைப் அடிப்பான். பணம் கேட்பான். திடீரென்று எல்லாம் அறுந்துவிடும்.

இரண்டு ராத்திரியும் அப்படித்தான். இன்று மூன்றாவது.

"அவருக்கு தினம் இன்சுலின் போடணும் மேடம்" என்றாள் ஹனீபின் மனைவி சைதா. சமையலறை ஃபிரிட்ஜைப் பார்த்தபடியே பேசினாள். "மருந்து இங்க கீது. மனுஷன் எங்க கீறாருன்னு தெரில. இந்த பாழாப்போன லைன் வேற அறுந்துக்கினே கீது. நாங்க கட் பண்ணலைன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சைதா சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாங்கள் யார் என்ற உண்மையை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது சந்திரகலாவின் முதல் உத்தரவு.

கையில் தூக்குப் பாத்திரத்துடன் வந்தவர் அஸ்கர் அலி. சைதாவின் சித்தப்பா மகன், ஹனீபின் கம்பெனியில் மேனேஜர். நெற்றியில் தொழுகைத் தழும்பு, தலையில் வலைத் தொப்பி, கறுப்புச் சட்டை.

"கஞ்சி கொண்டாந்தேன் அக்கா. நோன்பு தொறந்துட்டு ஒரு வாய் கூட சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்றவர் குப்புராஜைப் பார்த்தார். "லைன் ரிப்பேரா? நல்லா பாருப்பா. லைன் அறுந்து போகவே கூடாது. எங்க மச்சான் உசிரே அதுலதான் கீது."

சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை.

"பாத்துடலாம் பாய்" என்றான் குப்புராஜ். அவர் தோளில் ஒட்டியிருந்த வெள்ளை மணிகளைத் தட்டிவிட்டான். அவை காற்றில் பறந்து அவன் கையிலேயே ஒட்டின. "இன்னா பாய், கும்மிடிப்பூண்டியில பனி கொட்டுதா?"

"தெர்மாகோல்பா. இறால் பெட்டி. எங்க தொழிலே அதான். இது ஒட்டுனா உடாது." அஸ்கர் அலி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரிக்கா, நான் தொழுகைக்குக் கிளம்புறேன். ஹஸ்னாவைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க. நீங்களும் சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்புங்கப்பா."

அவர் போனதும் சந்திரகலா கதவைச் சாத்தினாள்.

"ஹஸ்னா, இங்க வாம்மா."

ஹனீபின் மகள் வந்து நின்றாள். காலேஜில் கடைசி வருஷம். அழுது அழுது கண் இமைகள் வீங்கியிருந்தன.

"லைன் அறுந்ததுன்னு சொல்றியே, அறுந்தப்ப இந்தத் திரையில என்ன பார்த்தே? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அத்தா முகம் அப்படியே நின்னுடுச்சி. அப்புறம் அவன் பேருக்குப் பக்கத்துல இருந்த பச்சை விளக்கு அணைஞ்சி போச்சி."

"அவன் பேருக்குப் பக்கத்துல மட்டுமா?"

"ஆமா. அதுக்குக் கீழே எங்க அண்ணன் பேரு. துபாய்ல கீற தாஹா அண்ணன். அழுதுக்கினே அவருக்குத்தான் டைப் அடிச்சேன். அவரும் உடனே பதில் போட்டாரு."

"உடனேவா?"

"உடனே."

சந்திரகலா குனிந்து மோடத்தைப் பார்த்தாள். விளக்குகள் வரிசையாகப் பச்சையில் நின்றன. அதிலிருந்து ஒரு வயர் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனது.

"குப்பு, என்ன புரியுது?"

"பசிக்குது மேடம்னு புரியுது."

"வீட்டு லைன் அறுந்திருந்தா தாஹா பேரும் அணைஞ்சிருக்கணும். அணையல. ரெண்டு நாளும் இந்த வீட்டு லைன் ஒரு நொடி கூட அறுந்து போகல. அறுந்தது அவன் லைன்."

சைதா தலையை ஆட்டினாள். "அவன் லைன் அறுந்தா அவனுக்கே தெரியாதா மேடம்? எங்களை ஏன் திட்டுறான்?"

"அதான் கேள்வி. அவன் லைன் அறுந்தது, ஆனா நீங்க அறுத்தீங்கன்னு அவன் நம்புறான். சரி, அறுந்து போறதுக்கு முன்னால இந்த வீட்டுல என்ன நடந்தது? எதையும் விடாதீங்க."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சைதா தலையைக் குனிந்தாள்.

"அவர் குரலைக் கேட்டதும் இவ சத்தம் போட்டு அழுதுட்டா. பக்கத்து ஊட்டு முபீனாவுக்குக் காது நீளம். மேல ரூமும் அவ ரூமும் ஒரே சுவரு. தெருவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவேன்னு அவன் சொல்லிக்கிறான். அதான் நான் மேல ஓடிப் போயி..." அவள் சொல்லக் கூசினாள். "டிவியைச் சத்தமா போட்டுட்டேன். ரமலான் மாசம் பிறந்தா எங்க ஊட்டு டிவிக்குத் துணி போட்டு மூடிடுவோம். பெருநாள் வரைக்கும் தொட மாட்டோம். நான் தொட்டேன். அதுக்குத்தான் அல்லா சோதிக்கிறானோன்னு பயமா கீது மேடம்."

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும்தான். நான் டிவி போடவும், கீழே இவ 'போயிடுச்சி போயிடுச்சி'ன்னு கத்தவும் சரியா இருந்துச்சி."

சந்திரகலாவின் புருவம் உயர்ந்தது. "மேல போகலாம்."

குப்புராஜும் படியில் கால் வைத்தான். சைதா தயங்கினாள். மாடி பெண்கள் புழங்கும் இடம். அந்நிய ஆண் ஏறுவதில்லை. சித்தப்பா மகனேயானாலும் அஸ்கர் அலியும் கூடத்தோடு சரி.

"நீ இங்கயே இரு. என் லேப்டாப்பை எடு. இந்த வீட்டு வயர்லெஸ் நெட்வொர்க் வருதா பாரு."

"வருதா பாருவா? பாஸ்வேர்டே இல்ல மேடம். பூட்டாத வீடு மாதிரி தொறந்து கெடக்குது."

மாடி அறையில் டிவியின் மேல் கிடந்த துணி பாதி விலகியிருந்தது. பக்கத்தில் டிஷ் செட்-டாப் பாக்ஸ். அதன் மேல் உள்ளங்கை அளவில் இன்னொரு பெட்டி, தலையில் சின்னதாக ஒரு ஆன்டெனா. மூன்றும் ஒரே ஸ்விட்சில் சொருகப்பட்டிருந்தன.

"இது என்ன?"

"போன மாசம் லீவுல வந்தப்ப தாஹா கொண்டாந்தான். செட்-டாப் பாக்ஸ் ஒண்ணுதானே கீது. இந்தப் பெட்டி படத்தை வயரே இல்லாம கீழ கிச்சன் டிவிக்கு அனுப்புமாம். நான் சமைச்சிக்கினே பாக்கலாமேன்னு ஆசையா வாங்கியாந்தான். நோன்பு வந்துடுச்சி, மூடிட்டோம்."

சந்திரகலா ஸ்விட்சைத் தட்டினாள். செட்-டாப் பாக்ஸ் விழித்தது. ஆன்டெனா பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியில் ஒரு மாமியார் மருமகளைப் பார்த்துக் கர்ஜித்தாள்.

கீழேயிருந்து குப்புராஜ் கூவினான். "மேடம்! லேப்டாப் புட்டுக்கிச்சி! நெட்வொர்க் காணோம்!"

"ஹால் கம்ப்யூட்டர்?"

"அது கல்லு மாதிரி ஓடுது!"

அணைத்தாள். "இப்போ?"

"வந்துடுச்சி மேடம்!"

மறுபடி போட்டாள். மறுபடி போனது. சந்திரகலா அணைத்துவிட்டு, படியில் மெதுவாக இறங்கி வந்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"அந்தப் பெட்டி காத்துல படம் அனுப்புது. அனுப்பும்போது இந்த வீட்டு வயர்லெஸை நசுக்கிடுது. வயர்ல ஓடற கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகல. வயர்லெஸ்ல இருக்கறவன் மட்டும் அறுந்து போறான்." குரலைத் தாழ்த்தினாள். "இந்த வீட்டு டிவியைப் போட்டா கடத்தினவன் அறுந்து போறான். அப்படின்னா அவன் யாரோட வயர்லெஸ்ல இருக்கான்?"

ஹஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க ஊட்டுதுலயா?"

"உங்க வீட்டுதுலதான். நெட்வொர்க் காணாம போனதும் நீங்க மோடத்தை அணைச்சிட்டீங்கன்னு நினைச்சிருக்கான். நாளைக்குப் போலீஸ் தேடினாலும் உங்க விலாசம்தான் கிடைக்கும். அதுக்காகத்தான் கம்ப்யூட்டர்ல வர்றான். இந்த சிக்னல் மிஞ்சிப் போனா அடுத்த வீடு வரைக்கும்தான் போகும். ஹஸ்னா, உங்க அத்தா எங்கயோ தூரத்துல இல்ல. கூப்பிடு தூரத்துல இருக்கார்."

சைதா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பக்கத்துல என்னென்ன இருக்கு?"

"இந்தப் பக்கம் முபீனா ஊடு. அந்தப் பக்கம் காலி மனை. பின்னால சந்து. சந்தைத் தாண்டி வரிசையா குடோனுங்க. எங்க பழைய தெர்மாகோல் பெட்டி குடோன் கூட அங்கதான் கீது. சிப்காட்டுல புதுசு கட்டின பிறகு பூட்டியே கெடக்குது."

குப்புராஜ் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். வெள்ளை மணி ஒன்று இன்னமும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் முகத்திலிருந்த சிரிப்பு காணாமல் போயிற்று.

"மேடம், கம்பெனியைத்தான் அன்னிக்கே பூட்டிட்டாங்களே. அப்புறம் இது..."

"தெரியும். ஆனா சந்தேகத்தை வச்சுக் கதவை உடைச்சா, தப்பான கதவா இருந்தா, சரியான கதவுக்குள்ள இருக்கறவன் முந்திக்குவான். எனக்கு ஜன்னல் எதுன்னு தெரியணும்." அவள் செல்போனை எடுத்து, ஏற்கெனவே ரகசியமாகச் சொல்லி வைத்திருந்த இன்ஸ்பெக்டருக்கு இரண்டே வரி சொன்னாள். ரயில்வே கேட்டில் காத்திருந்த அவருடைய ஜீப்பை சைரன் இல்லாமல் தெரு முனைக்கு வரச் சொன்னாள். பிறகு தாயையும் மகளையும் பார்த்தாள்.

"அழைப்பு வந்ததும் ஹஸ்னா பேச்சுக் கொடுக்கணும். நானும் குப்புவும் பின் சந்துல இருப்போம். நான் மிஸ்டு கால் கொடுத்ததும் மேல போய் டிவியைப் போடணும்."

"டிவியா?" ஹஸ்னா பின்வாங்கினாள். "இன்னிக்கும் அறுந்தா கொன்னுடுவேன்னு எழுதிக்கிறானே மேடம்! இன்னிக்கு லைன் அறுந்து போகக் கூடாதுன்னுதானே உங்களைக் கூப்பிட்டோம்? எங்க அத்தாவை நானே கொல்லணுமா?"

"கோபம் வர்றதுக்கு முன்னால ஒரு மனுஷன் என்ன செய்வான் தெரியுமா? சிக்னல் போனா நீ என்ன செய்வே?"

"ஜன்னல் பக்கம் போவேன்."

"அவனும் போவான். பாதிப் பேச்சுல நிக்குது, பணத்தை எங்க கொண்டு வரணும்னு இன்னும் சொல்லல. அவனுக்கு சிக்னல் வேணும். ஜன்னலுக்கு வருவான். வந்தா அவர் பக்கத்துல அவன் இல்லைன்னு அர்த்தம். எனக்கு அந்த நேரம் போதும்." சந்திரகலா அவள் தோளைத் தொட்டாள். "பொய் சொல்ல மாட்டேன். என் கணக்கு தப்பாகவும் போகலாம்."

ஹஸ்னா அழ ஆரம்பித்தாள். சைதா எழுந்தாள். முக்காட்டை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

"நீ கீழ உக்காந்து அத்தாகிட்ட பேசும்மா. டிவியை நான் போடறேன். ரெண்டு நாளும் நான்தானே போட்டேன்."

பின் சந்தில் சாக்கடையும் இருட்டும் மட்டும்தான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஓதும் குரல் ஏறி இறங்கியது. வரிசையாக நான்கைந்து குடோன்கள், எல்லாவற்றுக்கும் முன்பக்கம் பூட்டு. சந்துப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரக் கதவும் கம்பி வைத்த ஜன்னலும் இருந்தன.

"எல்லா ஜன்னலும் மூடியே கீது மேடம். ஏதாவது ஒண்ணு தொறக்கலைன்னா?"

"வேண்டிக்கோ."

"எந்த சாமியை?"

"இந்த நேரத்துல எல்லாரையும்."

சந்திரகலாவின் செல்போன் அதிர்ந்தது. ஹஸ்னாவிடமிருந்து மிஸ்டு கால். அழைப்பு வந்துவிட்டது. சந்திரகலா காத்திருந்தாள். ஒரு நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போயிற்று. அவன் பேச்சில் முழுசாக இறங்கட்டும் என்று பொறுத்தாள். பிறகு சைதாவின் எண்ணுக்கு அடித்துத் துண்டித்தாள்.

எதுவும் நடக்கவில்லை.

ஒருவேளை சைதா பயந்துவிட்டாளோ என்று நினைத்தபோது, மாடியிலிருந்து மாமியாரின் கர்ஜனை சந்து முழுக்கக் கேட்டது.

குப்புராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஜன்னல்கள் அசையவில்லை. சந்திரகலாவின் நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. கணக்கு தப்பாகிவிட்டதா? உள்ளே எங்கேயோ ஒரு மனிதன், கண்ணைக் கட்டி, தன்னுடைய தப்புக் கணக்குக்காக... அவள் எழுந்துவிடப் பார்த்தாள்.

மூன்றாவது ஜன்னல் கிரீச்சென்றது.

ஒரு பலகை திறந்தது. நீல வெளிச்சம் சந்தில் விழுந்தது. இரண்டு கைகள் ஒரு லேப்டாப்பைக் கம்பியோடு ஒட்டி உயர்த்தின. குழந்தைக்கு நிலா காட்டுகிறவன் போல அவன் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். திரை வெளிச்சத்தில் முதலில் வலைத் தொப்பி தெரிந்தது. பிறகு நெற்றித் தழும்பு.

சந்திரகலா ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றாள்.

"சிக்னல் வருதா பாய்? லைன் ரிப்பேருக்கு வந்தவங்க நாங்கதான்."

அஸ்கர் அலியின் கையிலிருந்து லேப்டாப் நழுவி உள்ளே விழுந்தது. ஒரு கணம்தான். திரும்பி மரக் கதவை நோக்கி ஓடினார். தாழ்ப்பாளை இழுத்த வேகத்தில், வெளியே காத்திருந்த குப்புராஜின் தோள் கதவோடு சேர்ந்து அவர் மேல் விழுந்தது. இருவரும் தெர்மாகோல் பெட்டி அடுக்குக்குள் சரிந்தார்கள். வீடியோவில் ஹனீபுக்குப் பின்னால் தெரிந்த வெள்ளைச் சுவர் முழுவதும் பெட்டி பெட்டியாக இடிந்து விழுந்தது.

"பனி கொட்டுதான்னு கேட்டேனே நைனா, உண்மையைச் சொல்லியிருக்கலாமே!" என்று மூச்சிரைக்கக் கத்தினான் குப்புராஜ். அவன் தலை முழுக்க வெள்ளை.

இன்ஸ்பெக்டர் வந்து விலங்கு மாட்டினார். காரிலிருந்து ஹனீபைத் தூக்கி வேனில் சுற்றவிட்டு இங்கே கொண்டுவந்து போட்டது இரண்டு கூலி ஆட்கள். மற்றதெல்லாம் அஸ்கர் அலிதான். கம்பெனியில் பங்கு கேட்டு ஹனீப் மறுத்ததிலிருந்து கருவிக்கொண்டே இருந்திருக்கிறார். இந்த வீட்டுக்கு மோடம் வாங்கிவந்து, பாஸ்வேர்டு போடாமல் விட்டவரும் அவரே. பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க சைதா நம்பியிருந்த ஆளும் அவரே. பள்ளிவாசலில் அத்தனை பேர் தொழும்போது ஒருவர் குறைவதை யார் பார்க்கப் போகிறார்கள்? எல்லாம் சரியாகத்தான் யோசித்திருந்தார். மாடிக்குப் போன மாதம் என்ன வந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அவர் ஏற முடியாத படிகள் அவை.

சந்தைத் தாண்டினால் வீடு. ஹனீபைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். இன்சுலின் போட்டாயிற்று. ஹஸ்னா அவர் காலைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. அவர் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்னால் நாலடி தூரத்தில்தான் இருந்தோம் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

"பள்ளிவாசல் பாங்கு கேட்டுச்சி" என்றார் மெதுவாக. "நம்ம மோதினார் குரல் மாதிரியே இருந்துச்சி. நம்ம ஊட்டுக்குப் பக்கத்துலதான் கீறோமோன்னு ஒரு எண்ணம். வாயில எந்நேரமும் டேப்பு. பேசறதுக்காகத்தான் எடுத்து உடுவான். அப்போ 'சைதா'ன்னு ஒரே கத்து கத்திடலாம்னு இருந்தேன்."

"ஏன் கத்தல?" என்றாள் சந்திரகலா.

"கத்த வாயைத் தொறந்தேன் மேடம். அந்த நேரம் பாத்து பக்கத்துல டிவி சத்தம் கேட்டுச்சி. ரெண்டு நாளும் கேட்டுச்சி. ரமலான் மாசத்துல எங்க ஊட்டுல டிவி ஓடாது. சைதா செத்தாலும் போட மாட்டா. அப்போ இது நம்ம ஊடு இல்ல, வேற ஏதோ ஊருன்னு முடிவு பண்ணி வாயை மூடிக்கினேன்."

சைதா கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"நான்தான் போட்டேன்" என்றாள். "உங்க பொண்ணு அழற சத்தம் தெருவுக்குக் கேக்கக் கூடாதுன்னு நான்தாங்க போட்டேன்."

ஹனீப் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். இத்தனை பேர் நடுவில் அவர் அப்படிச் செய்து அவள் பார்த்ததேயில்லை.

மாடியில் டிவி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. ஓடிவந்த அவசரத்தில் அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. மாமியார் ஓய்ந்து, சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. ஹஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் போயி நிறுத்திட்டு வர்றேன் அத்தா."

"வேணாம்மா" என்றார் ஹனீப். "இன்னிக்கு ஒரு நாள் ஓடட்டும்."